வாழைக்கு விற்கும் இருப்பு மருந்துகளும் பழுக்க வைக்கும் அறைகளும்: டெல்டாவில் எது காசுக்குத் தகும்?

தை முகூர்த்தத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஒரே நாளில் லோடு லோடாகப் பழம் வேண்டும். மற்ற நாட்களில் மண்டியில் தார் தேங்கிக் கறுக்கக் கூடாது. காவிரி, கொள்ளிடப் படுகையில் வாழை போடுகிறவர்களிடமும் மண்டிக்காரர்களிடமும் இந்த இரண்டு கவலையைச் சொல்லித்தான் ஸ்ப்ரே, பொட்டலம், உறை, ஏசி அறை என்று வரிசையாக விற்கிறார்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, லால்குடி, தொட்டியம் பக்கத்துப் பூவன், ரஸ்தாலி, கற்பூரவல்லி, ஜி9 (கிராண்ட் நைன்) ரகங்களுக்கு இவற்றில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்போம். கம்பெனிப் பெயர்கள் இங்கே வராது. ஒரே சரக்கு பத்து லேபிளில் வருகிறது. உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் போதும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். விளையாத காயை எந்த மருந்தும் விளைய வைக்காது. தார் விட்டதிலிருந்து ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து 90 முதல் 120 நாளில் காயின் கோணங்கள் மழுங்கி உருண்டு வரும். வெளியூர் லோடுக்கு முக்கால் விளைச்சல், உள்ளூர் விற்பனைக்குக் கிட்டத்தட்ட முழு விளைச்சல் என்பது பழைய கணக்கு; இன்றும் அதுதான் சரி. சந்தேகம் இருந்தால் நடுச் சீப்பில் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பால் கெட்டியாக வடிந்து சதை வெளேரென்று இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பால் நீர்த்து, நடுவில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் வெட்டலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது போல காற்றில் மரம் சாய்ந்து, பாதி விளைந்த தாரைப் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீனில் போட்டால் தோல் மஞ்சளாகும், சதை ரப்பர் மாதிரி நிற்கும். அதைக் காயாகக் கறிக்கு விற்பதே லாபம்.

தோட்டத்தில் போடுபவை

தார் உறை வாங்கலாம், யோசிக்க வேண்டியதில்லை. ஒளி புகும் பாலிதீன் உறையைக் கடைசிச் சீப்பு விரிந்த உடனே போட வேண்டும். குளிர் மாதங்களில் உறையின் பரப்பில் 2 சதவீதம், கோடையில் 4 சதவீதம் ஓட்டை இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரே உறையை வருஷம் முழுக்கப் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே வெந்து, மேல் சீப்புத் தோல் வெளுத்துவிடும். ஓட்டை குறைந்த உறைதான் கடையில் இருக்கிறது என்றால், தீயில் காய்ச்சிய கம்பியால் நீங்களே குத்திக்கொள்ளலாம். வாய்ப்பக்கத்தைத் தார்க்காம்பில் கட்டி, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். கட்டிவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கி அழுகும். உறை போட்ட காயில் இலை உரசின தழும்பும் பூச்சி சுரண்டின புள்ளியும் குறையும். அந்தத் தழும்புதான் பின்னால் கரும்புள்ளியாக விரிகிறது என்பதால், தோற்றத்தோடு இருப்பு நாளும் கூடுகிறது.

பொட்டாசியம் சல்பேட் கரைசலைத் தாரில் தெளிப்பதும் பலன் உள்ள வேலை. லிட்டருக்கு 15 கிராம் கரைத்து, கடைசிச் சீப்பு விரிந்ததும் ஒரு முறை, 30 நாள் கழித்து ஒரு முறை. காய் திரட்சி கூடும், இனிப்பும் கூடும். ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்க்காவிட்டால் மெழுகுத் தோலில் நிற்காமல் தரையில்தான் சொட்டும்.

ஹெக்சனால் ஸ்ப்ரே பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காய் பழுக்கும்போது செல் சுவரை ஒட்டிய சவ்வை அரிக்கும் பாஸ்போலிபேஸ் டி என்ற நொதியை இது அடக்குகிறது; அதனால் பழம் சீக்கிரம் தளராது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை மாம்பழத்துக்கும் வாழைக்கும் ஆராய்ந்து கலவையாகக் கொடுத்திருக்கிறது. 2 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, அறுவடைக்கு 30 நாள் முன்பும் 15 நாள் முன்பும். சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் ரெண்டு விஷயம். தெளிப்பு காயில் முழுக்க நனைய வேண்டும். இலையில் அடித்துவிட்டுத் தாருக்கு அடித்ததாக நினைத்தால் பயனில்லை. அடுத்தது, இதன் பலன் வெட்டிய பிறகுதான் தெரியும். தோட்டத்தை மொத்தமாக வியாபாரிக்குப் பேசி விட்டவர் ஸ்ப்ரே செலவு செய்தால், கூடுகிற நாலு நாள் வியாபாரி பாக்கெட்டுக்குத்தான் போகும். சொந்தமாக வெட்டி, சொந்தமாக விற்கிறவர்களுக்கு மட்டும் சிபாரிசு.

பூவனில் காய்க்குள் விதை கட்டுகிறது என்று வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கடைசிச் சீப்பு விரிந்து 20 நாளுக்குள் 2,4-டி யை 25 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 25 பங்கு) அளவில், 40 லிட்டருக்கு 1 கிராம் மூல மருந்து வீதம், தாரில் தெளிப்பது பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருக்கிறது. இது களைக்கொல்லி. அளவு கொஞ்சம் ஏறினாலும் தார் முறுக்கிக்கொள்ளும். பக்கத்து வயல் பருத்தியில் சாரல் பட்டால் சண்டை வரும். தனி டேங்க் இல்லாதவர் தொட வேண்டாம்.

வெட்டின பிறகு கழுவுவது

சீப்பாகப் பிரித்து அனுப்புகிறவர்களுக்குச் செலவே இல்லாத நல்ல சிகிச்சை படிகாரத் தண்ணீர்தான். ரெண்டு தொட்டி வையுங்கள். முதல் தொட்டி பால் வடிய. 100 லிட்டர் தண்ணீருக்கு 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கால் லிட்டர் ஊற்றினால் 100 பிபிஎம் குளோரின் கிடைக்கும். சீப்பை வெட்டின உடனே இதில் போட்டு 10, 15 நிமிஷம் விடலாம். ரெண்டாவது தொட்டியில் 100 லிட்டருக்கு 1 கிலோ படிகாரம். இது வெட்டின முகத்தில் பால் கசிவை நிறுத்தும். ரெண்டையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. படிகாரம் புளிப்புத் தன்மை உள்ளது. குளோரின் நெடியாக எழும்பிக் கண்ணை எரிக்கும், தண்ணீரில் மிஞ்சுவதும் குறையும்.

தவறு நடக்கும் இடம் தண்ணீர் மாற்றுவதில். வாழைப்பால் கலந்த தண்ணீர் குளோரினை வேகமாகத் தின்றுவிடும். காலையில் கலந்த தொட்டியில் மத்தியானம் வரை முக்கினால், சுத்தம் செய்வதற்குப் பதில் ஒரு சீப்பின் பூஞ்சாணத்தை எல்லாச் சீப்புக்கும் பரப்புவதாகும். தண்ணீர் கலங்கிப் பழுப்பேறினால் கொட்டிவிடுங்கள். சீப்பின் கொண்டையை, அதாவது காய்க்காம்புகள் சேரும் அடிப்பகுதியை, மழுங்கின அரிவாளால் பிய்த்தெடுத்தால் எந்தக் கரைசலும் காப்பாற்றாது. பிய்ந்த நாரில்தான் கொண்டை அழுகல் தொடங்குகிறது. கூர்க்கத்தியால் ஒரே வெட்டில், கொண்டையில் கொஞ்சம் சதை விட்டு எடுக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லியில் முக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களை அனுப்பிவிடலாம். நாலு நாளில் குழந்தைகள் கையில் இருக்கப்போகிற பழம் இது.

பர்மாங்கனேட் பொட்டலம்

பெட்டிக்குள் போடும் சின்ன ஊதாப் பொட்டலம், காய் விடும் எத்திலீனை உறிஞ்சி எரித்துவிடும். அதனால் பச்சைக் காய் பச்சையாகவே கூடுதல் நாள் நிற்கும். வாங்கும்போது ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே மணிகள் அடர் ஊதாவாக இருக்க வேண்டும். பழுப்பு நிறம் கண்டிருந்தால் கடையிலேயே செத்துப்போன சரக்கு. திறந்த டப்பாவில் வைத்து உதிரியாக விற்கும் இடத்தில் வாங்கவே வேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாம். வெதுவெதுப்பான 100 மில்லி தண்ணீரில் கரைகிற வரை பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்டால், நம் ஊர்ச் சூட்டில் 8, 9 கிராம் கரையும். அதில் கடலை அளவு உடைத்த செங்கல் துண்டுகளை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகும் துணிப் பையில் கட்டினால் பொட்டலம் தயார். கையுறை போடாவிட்டால் விரல் ஒரு வாரம் பழுப்பாக இருக்கும். காயில் பட்டாலும் கறைதான். அட்டை மடித்துத் தனியே வையுங்கள்.

பலன் தராத சந்தர்ப்பம் ரெண்டு. பெட்டியில் ஒரே ஒரு காய் பழுக்கத் தொடங்கியிருந்தாலும் அது விடும் எத்திலீனுக்கு இந்தப் பொட்டலம் காணாது. அடுத்தது, கனமான பையில் காற்றுப் போகாமல் கட்டி, வெளிச் சூட்டில் லாரியில் ஏற்றுவது. காய் மூச்சு முட்டிப் புளித்த சாராய வாடை அடிக்கும். 100 காஜ், அதாவது 25 மைக்ரான் மெல்லிய பை போதும். 13, 14 டிகிரி குளிர்ந்த வண்டியில் போகிற ஜி9 லோடுக்கு இது நல்ல பொருள். தார் தாராக வைக்கோல் போட்டுத் திறந்த லாரியில் அடுக்குகிற பூவனுக்கு வாங்குவது காசைக் காற்றில் விடுவது. அங்கே பையும் இல்லை, பெட்டியும் இல்லை, எத்திலீன் தானாகவே பறந்துபோகிறது.

பழுக்கத் தடை போடும் 1-எம்சிபி பற்றி நாலு வரி போதும். ஆப்பிளுக்குப் பிரமாதம். வாழையில் காய்க்குக் காய் விளைச்சல் வேறுபடுவதால் ஒரு சீப்பிலேயே பாதி மஞ்சள், பாதி பச்சை என்று நிற்கும். நம் ஊர் மண்டிக்கு வேண்டாம். மெழுகுப் பூச்சும் அப்படியே: எலுமிச்சை, ஆரஞ்சுக்குச் சரி, வாழைக்குத் தேவையில்லை.

பழுக்க வைப்பதற்கு: கல், மூட்டம், பொட்டலம்

கார்பைடு கல் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை. ஈரம் பட்டு அசிட்டிலீன் விடுகிறது. கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் ஆவியாகிறது. இன்னும் சில இடங்களில் தாளில் சுற்றிச் சொருகுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்று மலிவாக இருக்கும்போது இதற்குச் சாக்கே கிடையாது.

மூட்டம் போடுவது நம் பழைய முறை. மூடின அறையில் வைக்கோலும் சருகும் வறட்டியும் புகையவிட்டு ஒரு நாள் அடைப்பது. புகையில் எத்திலீன் இருப்பதால் பழுக்கும். கோளாறு என்னவென்றால், சட்டிக்குப் பக்கத்துத் தார் வெந்து கூழாகும், மூலையில் இருப்பது காயாகவே நிற்கும், பழத்தில் புகை வாடை ஏறும். அறைக்குள் கார்பன் மோனாக்சைடு தேங்கும். கதவைத் திறந்து அரை மணி நேரம் ஆகாமல் உள்ளே தலையை நுழைக்கக் கூடாது.

எத்திலீன் பொடிப் பொட்டலமும் எத்ரல் கரைசலும் ஒரே வேதியியல். எத்ரலில் இருக்கும் எத்தபான், காரம் பட்டால் எத்திலீனாகப் பிரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. எத்தபான் பொடியோ கரைசலோ பழத்தில் படக் கூடாது என்பதும் அதே விதி. தாரை அண்டாவில் முக்கி எடுக்கிறவர்கள் விதியை மீறுகிறார்கள், அதற்கு மேல் பழத்தையும் கெடுக்கிறார்கள்: தோல் முந்திக்கொண்டு மஞ்சளாகும், சதை பின்தங்கும், ரெண்டாம் நாளே காம்பு கறுக்கும்.

சரியான முறை: வாய் அகன்ற பிளாஸ்டிக் பேசினில் 5 லிட்டர் தண்ணீர், 10 மில்லி எத்ரல், 2 கிராம் காஸ்டிக் சோடா. அறையில் மூன்றில் ஒரு பங்குதான் பழம், மிச்சம் காற்று. கதவு இடுக்கில் ஈரத்துணி அடைத்து 18 முதல் 24 மணி நேரம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சோடாவைத் தனியாகக் கரைத்துவிட்டுக் கடைசியில் ஊற்றி, உடனே வெளியே வந்துவிடுங்கள்.

10 மில்லி எத்தனை பெரிய அறைக்கு என்று கடையில் சொல்ல மாட்டார்கள். 39 சதவீத எத்ரல் 10 மில்லி முழுக்கப் பிரிந்தாலும் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் எத்திலீன்தான் வரும். 10க்கு 10 அடி, 8 அடி உயர அறை 800 கன அடி. அது காலியாக இருந்தால் சுமார் 35 பிபிஎம். அது குறைவாகத் தோன்றும், ஆனால் விளைந்த வாழைக்கு 10 பிபிஎம்முக்கு மேல் ஒரு நாள் நிலையாக இருந்தாலே போதும். ஆகவே பழுக்கவில்லை என்றால் எத்ரலைக் கூட்டாதீர்கள். ஓட்டுக்கூரையிலும் ஜன்னல் இடுக்கிலும் கசிவைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் காசு போய்க்கொண்டிருக்கும்.

இந்த முறையின் எல்லை வெயில்தான். 30 டிகிரிக்கு மேல் போன அறையில் ஜி9 தோல் பச்சையாகவே நின்று சதை மட்டும் கனிந்துவிடும். வாங்குகிறவர் காய் என்று ஒதுக்குவார். உரித்தால் உள்ளே களி. பூவன் நிறம் ஓரளவு வரும். ரஸ்தாலி சூட்டில் சீப்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்த ரஸ்தாலியை யாரும் தாம்பூலத்தில் வைக்க மாட்டார்கள். மார்கழி, தையில் பேசின் முறை, சித்திரை வைகாசியில் ஏசி அறை என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏசி பழுக்க வைக்கும் அறை, வாடகைக்கு

டெல்டாவில் நல்ல அறை கிடைத்தால் இதுதான் முதல் இடம். ஆனால் அறை என்று போர்டு வைத்தவர் எல்லோரும் அறை நடத்துவதில்லை. வெறும் ஸ்ப்ளிட் ஏசி மாட்டின ரூமுக்கும் பழுக்க வைக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் காற்றோட்டத்திலும் ஈரத்திலும் இருக்கிறது. சாதாரண ஏசி ஈரத்தை உறிஞ்சிக் காயை வாட்டும். எடை குறைந்து, தோல் சுருங்கி, மஞ்சள் மங்கும்.

போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியவை இவை. வெப்பமானி சுவரில் இருக்கிறதா, காயின் சதைக்குள் குத்தியிருக்கிறதா? சதை வெப்பம்தான் கணக்கு. எத்திலீன் விட்டுப் பழுக்கத் தூண்டும் நாளில் 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். பழுக்கத் தொடங்கின காய் தானே சூடு விடும் என்பதால் சுவரில் 17 காட்டும்போது அடுக்கின் நடுவில் 22 இருக்கலாம். ஈரம் 90 முதல் 95 சதவீதம். எத்திலீன் 24 மணி நேரம், 100 பிபிஎம். பிறகு கதவைத் திறந்து இருபது நிமிஷமாவது காற்று மாற்ற வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டினால் பழுப்பது தள்ளிப்போகும், உள்ளே போகிற ஆளுக்கும் தலைசுற்றும். நாலாம், ஐந்தாம் நாளில் வெப்பத்தைப் படிப்படியாக 15க்கு இறக்கி, மஞ்சள் பாதியும் பச்சை பாதியுமாக இருக்கும்போது வெளியே எடுப்பது வழக்கம். முழு மஞ்சளில் எடுத்தால் கும்பகோணம் கடைக்குப் போய்ச் சேரும்போதே புள்ளி விழுந்துவிடும்.

அவசரத்தில் 13 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிக்கத் தோலில் ஒரு சின்னத் துண்டைச் சீவிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பழுப்பு நூல் நூலாக ஓடியிருந்தால் குளிர் அடித்திருக்கிறது. அந்தக் காய் வெளியே வந்தபின் சாம்பல் கலந்த மஞ்சளாகத்தான் மாறும். தங்க நிறம் வராது. பெட்டியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

தூண்டுதல் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி விழுந்ததா என்று பார்க்க மருந்துக்கடை அயோடின் போதும். மேல் அடுக்கு, நடு அடுக்கு, மூலை மூன்றிலிருந்தும் ஒரு காயைக் குறுக்கே வெட்டி, நீர்த்த அயோடினில் ஒரு நிமிஷம் வைத்தால் மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும். பச்சைக் காயில் வட்டம் முழுக்கக் கறுக்கும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளுத்து வரும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அடுக்கியதில் இடைவெளி இல்லை என்று அர்த்தம். அயோடின் பட்ட துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம்.

முழுத் தாராக ஏற்றுகிறவர்களுக்குத் தனி சிக்கல்: மேல் சீப்பு முதலில் விரிந்தது, கடைசிச் சீப்பு பிறகு விரிந்தது. அந்த வயது வித்தியாசம் அறைக்குள்ளும் தெரியும். சீப்பாகப் பிரித்து ஓட்டை கிரேட்டில், பெட்டிக்குப் பெட்டி காற்றுப் போகும் இடைவெளியோடு அடுக்குகிற அறைக்கே முன்னுரிமை கொடுங்கள். ஒரே அறையில் ஜி9 சரக்கோடு ரஸ்தாலியையும் கற்பூரவல்லியையும் சேர்த்து வாங்குகிறவரிடம் விசாரியுங்கள். ஒன்றின் அட்டவணை மற்றதற்குப் பொருந்தாது, யாருக்கோ ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம்.

வாடகை பேசும்போது எடை எப்போது போடுகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். காய் பழுக்கும்போது எடை குறைவது இயல்பு. உள்ளே போகும்போது போட்ட எடைக்கு வாடகையும் வெளியே வரும்போது போட்ட எடைக்குப் பழ விலையும் என்றால் ரெண்டு பக்கமும் உங்களுக்கு அடி. கரண்டு போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிஷத்தில் எடுக்கிறது, எத்திலீன் சிலிண்டரா, ஆல்கஹாலிலிருந்து எத்திலீன் எடுக்கும் கருவியா என்பதையும் கேளுங்கள். எத்திலீன் காற்றில் 2.7 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பொறியில் வெடிக்கும். 100 பிபிஎம்மில் அந்தப் பயமே இல்லை, ஆனால் சிலிண்டர் வால்வு கசிந்த அறையில் பீடி பற்ற வைக்கிற ஆள் இருந்தால் உங்கள் சரக்கை வேறு இடத்தில் இறக்குங்கள்.

சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமென்றால் திருச்சி தோகைமலை சாலையில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் பஸ் தூரத்தில்தான். போகும்போது கெட்ட சீப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள், தொலைபேசியில் விவரிப்பதைவிட அது சீக்கிரம் வேலையாகும்.